இரண்டாவது பூச்சு

மாசி 2, செவ்வாய்

இந்த நோட்டு என் பேத்தி பவதாரணியுடையது. ஓசூரில் பத்தாம் வகுப்பு படிக்கிறாள். சயின்ஸ் ரெக்கார்டு நோட்டாம். ஒரு பக்கம் கோடு, எதிர்ப்பக்கம் வெள்ளை. பொங்கலுக்கு வந்தவள் இதை விட்டுவிட்டுப் போய்விட்டாள். பாதிக்கு மேல் எழுதாத பக்கங்கள். இன்று முதல் நான் எழுதுகிறேன்.

எனக்கு எழுதத் தெரியாது என்று இன்றைய பேப்பரில் போட்டிருப்பதால் எழுதுகிறேன்.

போட்டோவை வெட்டி வெள்ளைப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். நடுவில் எங்கள் மகளிர் குழுத் தலைவி ரேணுகாதேவி, பட்டுச் சேலையில், எல்லாப் பல்லும் தெரிய. அவள் கையில் என் ராகி கப்பு. அவள் தோளுக்குப் பக்கத்தில் ஒரு கை மட்டும் தெரிகிறது பாருங்கள். முழங்கை வரைக்கும்தான். மணிக்கட்டில் தேள் பச்சை குத்தியிருக்கிறது. அந்தக் கை என்னுடையது. எனக்குத் தலையும் இருக்கிறது. அதை வெட்டிவிட்டார்கள்.

கீழே இப்படிப் போட்டிருக்கிறது: 'டீ குடித்துவிட்டுத் தின்றுவிடலாம். ரேணுகாதேவி கண்டுபிடித்த உண்ணும் குவளை. எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் வேலை கொடுத்து வாழ வைக்கிறார்.'

மாதம்மாள் ஆகிய நான் ஐந்தாம் வகுப்பு பாஸ். கணக்கில் முதல். ஆறாம் வகுப்புக்கு ஏழு மைல் நடக்க வேண்டும் என்று அப்பா நிறுத்தினார். படிப்பு வராமல் நின்றவள் இல்லை நான்.

மாசி 3, புதன்

கொல்லையில் பூசணிக்குத் தண்ணீர் ஊற்றினேன். இடுப்பு வலி.

நேற்று விட்டதை எழுதுகிறேன். குழுவில் பதினோரு பேர். ஐஸ்கிரீம் கோன் கூடு சுடுகிற மிஷின் ஒன்று வாங்கி ஷெட்டில் வைத்தோம். கூடு யாரும் வாங்கவில்லை. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரர் பிளாஸ்டிக் கப்பு வைக்கக்கூடாதென்று அபராதம் கட்டிவிட்டுப் புலம்பிக்கொண்டிருந்தார். கூடு சுடுகிற அச்சில் ராகிக் கப்பு சுடலாமே என்று நான்தான் சொன்னேன். சிரித்தார்கள். ரேணுகா அதிகமாகச் சிரித்தாள். முதலில் சுட்டதெல்லாம் டீ ஊற்றினதும் களியாகிப்போனது. எல்லாரும் விட்டுவிட்டார்கள். நான் விடவில்லை. நான்கு மாதம் அடுப்படியில் நின்றேன். இப்போது அந்த டீக்கடையில் கிளாசே கிடையாது. என் கப்புதான்.

இன்று குழுக் கூட்டத்தில் ரேணுகா மிட்டாய் கொடுத்தாள். பேப்பர்க்காரன் செய்த வேலை, இடம் பற்றவில்லையாம், ஆயா மனசில் வைத்துக்கொள்ளக்கூடாதாம். நான் மிட்டாயை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டு வந்து கோழிக்குப் போட்டேன்.

என் கல்யாணத்தன்று கொழுந்தன் ஒரு சொல் சொன்னார். அவர் சாகும் வரைக்கும், முப்பத்தோரு வருஷம், அவர் வீட்டில் நான் தண்ணீர் குடித்ததில்லை. இது ரேணுகாவுக்குத் தெரியாது.

மாசி 5, வெள்ளி

தவமணி ஒரு பை புளியங்கொட்டை கொண்டுவந்து கொடுத்தாள். அவள் மாமியார் புளி தட்டப் போகிற இடத்தில் சும்மா கிடைப்பது. குழுவில் எனக்கென்று வருகிறவள் இவள் ஒருத்திதான். அதிகம் பேசமாட்டாள். ராகி புடைத்துக் கொடுத்துவிட்டுப் போனாள்.

புளியங்கொட்டை எதற்கு என்று யாருக்கும் நான் சொன்னதில்லை. இங்கே எழுதி வைக்கிறேன்.

ஷெட்டில் கப்பு சுட்டதும் எல்லார் கண்ணுக்கும் முன்னால் உள்பக்கம் அரிசிக் கஞ்சி பூசுவேன். அது முதல் பூச்சு. பிறகு கூடையில் அடுக்கி வீட்டுக்குக் கொண்டுவருவேன். காயவைக்கக் கொண்டுபோகிறாள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். புளியங்கொட்டையை வறுத்து, தோல் நீக்கி, ஊறவைத்து அரைத்து, பசையாகக் காய்ச்சி, இங்கே இரண்டாவது பூச்சு பூசி நிழலில் காயவிடுவேன். எங்கள் மாமனார் வீட்டில் கம்பளி நெய்து முடித்ததும் அந்தப் பசையைத்தான் தேய்ப்பார்கள். மழையில் போர்த்திக்கொண்டு ஆடு மேய்த்தால் உள்ளே சொட்டு இறங்காது. கம்பளிக்கு நிற்பது கப்புக்கு நிற்காதா என்று பார்த்தேன். நின்றது.

மாசி 8, திங்கள்

 

காலையில் ரேணுகா வீட்டுக்கே வந்தாள். ஒரு டைப் அடித்த பேப்பர், ஸ்டாம்ப் பேடு. மகளிர் தின விழாவில் கப்புக்குப் பரிசு கொடுக்கப்போகிறார்களாம். கோயமுத்தூரிலிருந்து ஒரு கம்பெனி ஆட்களும் பார்க்க வருகிறார்களாம். அதற்கு மனு. குழுவில் எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய கப்பு என்று எழுதியிருப்பதாகச் சொல்லி, அதைப் படித்தும் காட்டினாள்.

அவள் வாய் ஒன்று படித்தது. பேப்பரில் இருந்தது இது. அவள் படிக்கும்போதே நான் தலைகீழாகப் பார்த்து மனதில் வாங்கிக்கொண்டேன்:

'மேற்படி குவளையின் செய்முறையை ரேணுகாதேவி அவர்களே உருவாக்கி எனக்குக் கற்றுக்கொடுத்தார். இதில் எனக்கு எவ்வித உரிமையும் இல்லை என்று சம்மதித்து இடது கைப் பெருவிரல் ரேகை வைக்கிறேன்.'

நான் கைநாட்டு என்று அவள் நினைப்பதற்கு ஒரு காரணம் உண்டு. குழுவில் சேர்ந்த அன்று எனக்கு வலது கையில் எண்ணெய் கொட்டிப் புண். துணி சுற்றியிருந்தது. இடது பெருவிரலை வைத்தேன். அடுத்த மாதம் கை ஆறியது. பேனாவுக்குக் கை நீட்டுவதற்குள் அவள் மையை நீட்டினாள். எனக்குப் படிக்கத் தெரியுமா என்று அவள் கேட்கட்டும் என்று இருந்தேன். கேட்டால்தானே சொல்வேன். மூன்று வருஷமாக அவள் கேட்கவில்லை.

"என்ன எழுதியிருக்குன்னு இன்னொருக்கா சொல்லு சாமி" என்றேன்.

"எல்லாம் நல்லதுதான் ஆயா. படிச்சா உங்களுக்கு என்ன புரியும், வெரலக் குடுங்க."

கொடுத்தேன். அவளே பிடித்து அழுத்தினாள். மாட்டுக்குச் சூடு போடுகிறவன்கூட இன்னும் கொஞ்சம் மெதுவாகப் பிடிப்பான்.

பிறகு போனை எடுத்து வைத்துக்கொண்டு செய்முறையைச் சொல்லச் சொன்னாள். விழா முடிந்ததும் மிஷினைத் தன் வீட்டுக்கே கொண்டுபோகப் போகிறாளாம். எனக்கு வயதாகிவிட்டதாம், ஓய்வு எடுக்க வேண்டுமாம். விழாவுக்கு வேண்டிய கப்பையும் அவளே செய்துகொள்வாளாம்.

சொன்னேன். ராகி மூன்று பங்கு, பச்சரிசி ஒன்று, மரவள்ளி மாவு ஒன்று, வெல்லப்பாகு, உப்பு. எத்தனை நேரம் அச்சில் வைப்பது, கஞ்சி எந்தப் பதம். ஒன்றுகூட மறைக்கவில்லை. கஞ்சி வரைக்கும்.

"அப்புறம்?"

"அவ்வளவுதான் சாமி."

"வீட்டுக்கு ஏன் தூக்கிக்கிட்டுப் போறீங்க?"

"ஷெட்டு தகரம். வெயில்ல வெடிக்கும். நெழல்ல காயணும்."

அதுவும் பொய் இல்லை.

அவள் போனபிறகு விரலைச் சோப்புப் போட்டுக் கழுவினேன். நீலம் போகவில்லை. போகவேண்டாம்.

மாசி 9, செவ்வாய்

ஒன்றும் இல்லை. முருங்கைக்கீரை.

மாசி 12, வெள்ளி

வீட்டில் மிச்சம் இருந்த கப்பில் சோதித்துப் பார்த்தேன். ஒரு பூச்சு மட்டும் போட்டதில் கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பி ஊற்றி ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். இருநூற்று நாற்பதில் வெளிப்பக்கம் வியர்க்கிறது. முந்நூற்றுப் பத்தில் அடி கழன்று விழுகிறது. மூன்று கப்பிலும் இதே கணக்கு. ஐந்தும் பத்தும்தான் வித்தியாசம்.

இரண்டு பூச்சு போட்டதில் இரண்டாயிரம் வரை எண்ணினேன். கப்பு அசையவில்லை. எனக்குத்தான் அலுத்தது. ஆறிப்போன காப்பியைக் குடித்துவிட்டுக் கப்பையும் தின்றேன். நன்றாகத்தான் இருந்தது. பெருமைக்குச் சொல்லவில்லை.

டீக்கடையில் நிற்கிறவன் இருநூறு எண்ணுவதற்குள் குடித்துவிட்டுப் போய்விடுவான். விழாவில் அப்படி இல்லை. யாரும் முதலில் குடிக்கமாட்டார்கள். மைக்கில் பேசவேண்டும், போட்டோ எடுக்கவேண்டும், போட்டோ எடுக்கும் வரை கப்பைக் கையில் பிடித்துக்கொண்டு பல்லைக் காட்ட வேண்டும்.

அந்தப் பட்டுச் சேலையைத்தான் கட்டிக்கொண்டு வருவாள்.

மாசி 15, திங்கள்

மிஷினை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். விழா முடிந்து என்றவள் முன்னாலேயே ஏற்றிவிட்டாள். நான் வாசலில் நின்று பார்த்தேன். பத்திரமாகக் கொண்டுபோங்கள், அச்சு உடைந்துவிடும் என்று சொன்னேன். நல்ல மனது ஆயாவுக்கு என்று வண்டிக்காரன் சொன்னான்.

மாசி 19, வெள்ளி

தவமணி வந்தாள். இப்போது அவளுக்கு ரேணுகா வீட்டில்தான் வேலை. பதினைந்து கப்பில் டீ ஊற்றி வீட்டு ஆட்களெல்லாம் குடித்துப் பார்த்தார்களாம். ஒன்றும் ஒழுகவில்லையாம். ரேணுகா சந்தோஷத்தில் இருக்கிறாளாம். நானும் சந்தோஷம் என்றேன்.

புளியங்கொட்டை இனி எங்கே கொண்டுபோய்க் கொடுப்பது என்று கேட்டாள். இங்கேயே கொடு, எனக்கு வேறு வேலைக்கு ஆகும் என்றேன். என் முகத்தைப் பார்த்தாள். பிறகு முறத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

விழாவில் கடவுள் வாழ்த்து அவள்தான் பாடுகிறாள். பாடிவிட்டுக் கீழே இறங்கி என் பக்கத்தில் வந்து உட்கார் என்று சொல்லி வைத்தேன்.

மாசி 23, செவ்வாய்

வெள்ளைச் சேலை துவைத்து, நீலம் போட்டு, மடித்து, பாய்க்கு அடியில் வைத்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். தீபாவளிக்கு முதல் நாள் மாதிரி இருக்கிறது.

மாசி 24, புதன்

விழா முடிந்து வந்துவிட்டேன். நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

கல்யாண மண்டபம். நானூறு பேர் இருக்கும். முன்வரிசையில் அதிகாரிகளின் குழந்தைகள், கையில் பலூன். எனக்கு ஆறாவது வரிசை. தவமணி கடவுள் வாழ்த்துப் பாடினாள். குரல் நன்றாக இருந்தது. கீழே இறங்கி என் பக்கம்தான் வந்துகொண்டிருந்தாள். மேடையில் கூடமாட ஆள் வேண்டும் என்று ரேணுகா கூப்பிட்டுக்கொண்டாள்.

தட்டில் பன்னிரண்டு கப்பு. பெரிய பிளாஸ்கிலிருந்து சுக்குக் காப்பி ஊற்றினார்கள். ஆவி என் வரிசை வரைக்கும் தெரிந்தது. கடைசிக் கப்பில் ஊற்றி முடித்ததும் எண்ண ஆரம்பித்தேன்.

பரிசு கொடுக்க வந்த அதிகாரி அம்மா ஒன்று எடுத்தார். ரேணுகா ஒன்று எடுத்தாள். கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கு ஒன்று. மிச்சம் எட்டு, தட்டிலேயே. தட்டை ரேணுகாவின் தங்கச்சி பிடித்திருந்தாள். எழுபது, எண்பது.

ரேணுகா மைக்கைப் பிடித்தாள். நான்கு மாதம் தூங்காமல் கண்டுபிடித்ததாகச் சொன்னாள். அந்த நான்கு மாதம் என்னுடையது. பிறகு சொன்னாள்: "எங்க குழுவுல கைநாட்டு வைக்கிற ஆயா ஒருத்தங்க இருக்காங்க. பேர் எழுதத் தெரியாது. அவங்களுக்கும் நான் ஒரு வாழ்க்கை குடுத்திருக்கேன்." எல்லாரும் கை தட்டினார்கள். பக்கத்தில் இருந்தவள் என்னைப் பார்த்துத் தட்டினாள். நூற்று அறுபது.

போட்டோக்காரர் வந்தார். கொஞ்சம் இருங்க மேடம், வெளிச்சம் பத்தலை என்றார். அதிகாரி அம்மாவுக்குப் போன் வந்தது. எல்லாரும் கப்பைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

இருநூறு எண்ணியபோது, தங்கச்சியும் போட்டோவில் நிற்க வேண்டும் என்று ரேணுகா தட்டைப் பிடுங்கித் தவமணி கையில் கொடுத்தாள். தவமணி தட்டைக் கீழிருந்து இரண்டு முன்கையிலும் தாங்கிக்கொண்டு மேடை ஓரத்துக்கு வந்து நின்றாள். அவளுக்கு நேர் கீழே பலூன் குழந்தைகள்.

நான் எண்ணிக்கொண்டிருந்தேன்.

முந்நூற்று ஐந்தில் அதிகாரி அம்மாவின் கப்பு. அடுத்து ரேணுகாவுடையது. அடி கழன்று, பட்டுச் சேலையில் மார்பிலிருந்து கொசுவம் வரைக்கும். அந்த நிமிஷம்தான் போட்டோக்காரர் அமுக்கினார். அவள் வாய் சிரிப்பிலேயே நின்றுவிட்டது. அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன், அவ்வளவு நன்றாக இருந்தது.

தட்டில் எட்டும் சேர்ந்தாற்போல் போனது. தவமணி தட்டைப் போடவில்லை. போட்டிருந்தால் குழந்தைகள் மேல். காப்பி இரண்டு கை வழியாகவும் முழங்கைக்கு ஓடிச் சொட்டியது. அவள் அப்படியே நின்றாள். யாரோ ஓடிப்போய் வாங்கினார்கள்.

பரிசு கொடுக்கவில்லை. கம்பெனிக்காரர்கள் காரில் ஏறிவிட்டார்கள்.

நினைத்தது நடந்தது.

மாசி 25, வியாழன்

பேப்பரில் போட்டோ வந்திருக்கிறது. வெட்டி ஒட்டினேன். இந்தப் போட்டோவில் தவமணியின் கை மட்டும் தெரிகிறது.

ராகி காயப்போட்டேன்.

மாசி 26, வெள்ளி

கற்றாழை வெட்டித் தோல் சீவித் தவமணி வீட்டில் கொடுத்துவிட்டு வந்தேன். அவள் தூங்குகிறாள் என்றார் மாமியார். அந்தப் பக்கம் வேறு ஒரு வேலையும் இருந்தது.

மாசி 27, சனி

தவமணி வீட்டுக்கு மறுபடி போனேன். வேலை ஒன்றும் இல்லை.

இரண்டு கையிலும் கட்டு. மாமியார் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். நான் வாங்கி ஊட்டினேன். நான்கு வாய் தின்றாள். பிறகு கேட்டாள், புளியங்கொட்டைப் பசையை ரேணுகாவிடம் சொல்லவில்லையா என்று. அதைப் பூசுவதை அவள் என் வீட்டு ஜன்னல் வழியாக எப்போதோ பார்த்திருக்கிறாள். பார்த்தும் ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

சொல்லவில்லை என்றேன்.

"நீங்க சொல்லி, நான் போனப்புறம் அவங்க பூசியிருப்பாங்கன்னு நெனச்சன் பெரிம்மா. அதான் நான் வாயத் தெறக்கல."

நான் இன்னொரு வாய் எடுத்தேன். வேண்டாம் என்று தலையை ஆட்டினாள்.

"மேடையில இருந்து உங்களத்தான் பாத்துக்கிட்டு இருந்தன். வாய் முணுமுணுன்னு அசைஞ்சிக்கிட்டே இருந்துது. எனக்காகச் சாமி கும்பிடறீங்கன்னு நெனச்சன்."

தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். வெயில் அதிகம்.

மாசி 29, திங்கள்

ரேணுகா வந்தாள். பட்டு இல்லை, நைலக்ஸ். கம்பெனிக்காரர்கள் அடுத்த வாரம் இன்னொரு தரம் பார்க்கிறோம் என்று சொல்லியிருக்கிறார்களாம். டீக்கடையில் இரண்டு மாதம் நின்ற கப்பு விழாவில் ஏன் ஒழுகியது என்று அவர்கள் கேட்டதற்கு இவளுக்குப் பதில் தெரியவில்லை. இந்தத் தரமும் ஒழுகினால் பதினோரு பேருக்கும் வேலை இல்லை. அழுதாள். அழட்டும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எதை விட்டீங்க ஆயா? சொல்லுங்க, உங்க கால்ல வேணா விழறன்."

கால் வேண்டாம், வெள்ளிக்கிழமை வா என்றேன்.

பங்குனி 1, புதன்

தவமணி வீட்டு அடுப்பில் பசை காய்ச்சினேன். அவள் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள். எத்தனை நாழி ஊறவேண்டும், பசை எந்தப் பதத்தில் கரண்டியில் நிற்க வேண்டும், துணியை எப்படி மடித்துப் பூசவேண்டும், எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். எனக்கு எதற்கு என்று அவள் கேட்கவில்லை. புறப்படும்போது மாமியார்தான் வாசல்வரை வந்தார்.

பங்குனி 3, வெள்ளி

ரேணுகா பத்து மணிக்கு வந்தாள். இந்த நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். இரண்டு நாள் உட்கார்ந்து என் கையால் எழுதியது:

'ராகிக் கப்பை உண்டாக்கியவர் மாதம்மாள். அதன் இரண்டாவது பூச்சை இனிமேல் செய்கிறவர் தவமணி. ரேணுகாதேவி ஆகிய நான் இதை உண்டாக்கவில்லை. மாசி 8 அன்று மாதம்மாளிடம் ஒன்றைப் படித்துக்காட்டி வேறொன்றில் ரேகை வாங்கினேன். மிஷின் ஷெட்டுக்கே திரும்பும்.'

முதலில் அந்த மனுவை, அவள் கொண்டுவந்த வார்த்தை ஒன்று மாறாமல், பார்க்காமல் சொன்னேன். எவ்வித உரிமையும் இல்லை என்ற இடம் வந்தபோது அவள் முகத்தில் ரத்தம் இல்லை. பிறகு நோட்டைப் படித்தேன். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, வாத்தியார் சொல்லிக்கொடுத்த மாதிரி.

"ஆயா... உங்களுக்கு..."

"ஐஞ்சாவது பாஸு. நீ கேக்கவே இல்ல."

கம்பெனிக்காரர்களிடமும் இதையே அவள் வாயால் சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்று பையிலிருந்து பேனாவை எடுத்தாள். நான் ஸ்டாம்ப் பேடைத் தள்ளினேன்.

"கையெழுத்துப் போடறன் ஆயா. நான் பி.காம். படிச்சவ."

"தெரியும். வெரல வை."

பேனாவைப் பைக்குள் போட்டாள். பிறகு இடது கையை நீட்டினாள். நான் பிடித்து அழுத்தினேன். அவள் பிடித்ததைவிட மெதுவாகப் பிடிக்கவில்லை. எதிரில் இருந்த வெள்ளைப் பக்கத்தில், நடுவில், நீலமாக விழுந்தது.

இப்போது செய்முறையைச் சொல்லுங்கள் என்றாள். தவமணியிடம் கேள் என்றேன். கொடுப்பதும் கொடுக்காததும் அவள் இஷ்டம். போய் அவள் எதிரில் உட்கார்ந்து கேள். அவள் கையைப் பார்த்துக்கொண்டே கேள். ரேணுகா விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள். சேலையில் நீலம் ஒட்டியது.

இந்த நாளுக்காகத்தான் ஒரு மாதம் இருந்தேன். நோட்டை மூடினால் ரேகை இந்தப் பக்கம் ஒட்டிக்கொள்ளும், மை காயட்டும் என்று திறந்தே வைத்திருந்தேன். சும்மா இருப்பானேன் என்று ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தேன்.

இருநூறு வந்தது, தட்டு தவமணி கைக்கு மாறிய எண். அதற்கு மேல் எண்ணவில்லை.